லெக் பீஸுக்கு எத்தனை நிமிடம்?

பொத்தேரி ரயில் நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலைக்கு வந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கல்லூரிக் கூட்டம் நிற்கும். "அண்ணே, நூறு கிராம்" என்றால் போதும். எதில் நூறு கிராம் என்று யாரும் கேட்பதில்லை. மசாலா ஊறிச் சிவந்த துண்டுகளைக் கைப்பிடி அள்ளி வாணலியில் விடுவார் கடைக்காரர். நுரை பொங்கி எழுந்து அடங்கும். ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்து, விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, எடை மெஷினில் காட்டி, பேப்பர் பிளேட்டில் வெங்காயத்தோடு நீட்டுவார். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. இதே சாலையில் குளிரூட்டிய கடைகளும் உண்டு. அங்கே மாவுத்தோல் மொறுமொறுக்கும் முழு லெக் பீஸும் ஏறக்குறைய அதே நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் எலும்போடு தொடைத்துண்டைப் பொரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வர வேண்டும். நிதானமான தீயில் குறைந்தது பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் மேலே கருகிவிடும், கடித்தால் எலும்போரம் வேகாத சதை இழுக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடைக்காரர்கள் எங்கே ஒளித்து வைத்தார்கள்? பொரித்த கோழிச் சங்கிலிக் கடைகளின் வரலாறே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பதினோரு மூலிகை ரகசியம், பெட்டகத்தில் பூட்டிய காகிதம் எல்லாம் விளம்பரத்துக்கு ஆகும்.

எண்ணெய் காய்வது 170, 180 டிகிரி செல்சியஸில். துண்டுக்குள் இருக்கும் சதை அந்தச் சூட்டின் பக்கமே போவதில்லை, காரணம் தண்ணீர். கோழிச் சதையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். துண்டை எண்ணெயில் விட்டதும் மேற்பரப்பிலுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிச் சீறி வெளியேறுகிறது. நாம் கேட்கும் 'சொய்ங்' சத்தம் அதுதான். தண்ணீர் மிச்சமிருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் முழுக்கப் போன வெளித்தோலில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை மட்டுமே சூடு அதற்கு மேல் ஏறும். புரதமும் சர்க்கரையும் கூடிப் பொன்னிறமும் வாசனையும் பிறப்பது அங்கேதான். அந்த வேதிவினையை 1912-ல் விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மய்யாரின் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழையவும் முடியாது. துண்டு எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகு. சூடு தணிந்து உள்ளே ஆவி சுருங்கும்போது, தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் துளைகள் வழியே உறிஞ்சப்படுகிறது. வாணலி விளிம்பில் ஜல்லிக்கரண்டியைத் தட்டும் அந்த இரண்டு தட்டுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

ஆக, சதையைப் பொறுத்தவரை வெளியே இருப்பது 100 டிகிரிச் சுவர். அங்கிருந்து சூடு மெல்ல நடுப்பகுதிக்கு ஊர்ந்து போக வேண்டும். கிருமிகளுக்கு அஞ்சாமல் சாப்பிட நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். சூடு ஊர்ந்து சேர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு செ.மீ. தடிமன் துண்டு நாலு நிமிடத்தில் வெந்தால், நாலு செ.மீ. துண்டுக்கு எட்டு நிமிடம் போதாது, பதினாறு வேண்டும். எண்ணெயை இன்னும் காய்ச்சினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சுவர் 100-லேயே நிற்கும், தோல்தான் கருகும். அடுப்பின் பெருமையெல்லாம் இந்த இடத்தில் செல்லுபடியாகாது.

கடிகாரத்தோடு முதலில் மோதியவர்கள் ரயில்வே பிளாட்பாரத்தில் இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, வர்ஜீனியா மாநிலத்தின் கார்டன்ஸ்வில் சந்திப்பில் நிற்கும் ரயில்களின் ஜன்னலோரம் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டேந்தி வந்து பொரித்த கோழி விற்றார்கள். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட குடும்பங்களுக்கு அந்தத் தட்டு சொந்த வருமானம். அமெரிக்கத் தெற்கின் கோழிப் பொரியலே அடிமைகளின் கைப்பக்குவத்தில் வளர்ந்ததுதான். வீட்டிலேயே பொரித்து ஆறவிட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்கு வேறென்ன செய்ய முடியும்? செங்கல்பட்டு ஜங்ஷனில் வண்டி நின்றதும் வடைத்தட்டு ஜன்னலுக்கு வருவதும் இதே கணக்கில்தான். ஆறினாலும் விலைபோகும் பண்டம்தான் பிளாட்பாரத்துக்கு ஏறும்.

சூடாகவே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். 1890-ல் இண்டியானாவில் பிறந்து, பல வேலைகளில் தலைகாட்டி, 1930-ல் கென்டக்கியின் கார்பின் ஊரருகே பெட்ரோல் பங்க் ஒன்றை எடுத்து நடத்தினார். வழிப்போக்கர்களுக்கு அங்கேயே சாப்பாடும் போட்டார். 1935-ல் மாநில ஆளுநர் அவருக்குக் 'கர்னல்' பட்டம் கொடுத்தார். அது மரியாதைப் பட்டம், ராணுவப் பதவி இல்லை. இரும்புச் சட்டியில் கோழி பொரிக்க அவருக்குச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது. முன்கூட்டியே பொரித்து வைத்தால் மீந்து வீணாகும், கேட்ட பிறகு பொரித்தால் வண்டிக்காரர் கிளம்பிவிடுவார். அப்போது கடைகளுக்கு வந்த புதுச் சரக்கு பிரஷர் குக்கர், காய்கறி வேகவைக்க என்று விற்றார்கள். 1939-ல் சாண்டர்ஸ் அதில் எண்ணெய் ஊற்றிக் கோழியைப் போட்டு மூடினார்.

மூடி என்ன செய்தது? துண்டிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் ஏறுகிறது. சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு கூடினால் தண்ணீர் கொதிக்கச் சுமார் 117 டிகிரி தேவை. முன்பு சொன்ன சுவர் 100-லிருந்து 117-க்கு உயர்ந்துவிட்டது, உள்ளே சூடு வேகமாக ஊர்கிறது. அதோடு, தண்ணீர் எளிதில் கொதிக்காததால் குறைவாகவே ஆவியாகிறது. ஆவியாக்குவதில் வீணாகிற வெப்பம் குறைகிறது, சதையில் சாறு தங்குகிறது. அரை மணி நேர வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. தோல் கொஞ்சம் மென்மையாக வரும் என்பதுதான் குறை. ஈரம் முழுக்கப் போகாவிட்டால் மொறுமொறுப்பு வராது.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டவே வேண்டாம். நம் குக்கரின் ரப்பர் கேஸ்கெட்டும் பாதுகாப்பு வால்வும் தண்ணீருக்கு ஏற்றவை, அதாவது 120 டிகிரி அளவுக்கு. 170 டிகிரி எண்ணெயில் கேஸ்கெட் இளகும். விசில் வழியே சீறுவது ஆவியாக இருக்காது, எண்ணெயாக இருக்கும். சாண்டர்ஸின் ஆரம்ப நாட்களிலும் இந்த வேலை அபாயமாகத்தான் இருந்தது. ஐம்பதுகளில் எண்ணெய்க்கென்றே அழுத்தப் பொரிப்பான்கள் தயாராகின. பிற்பாடு லூயிவில் நகரப் பொறியாளர் வின்ஸ்டன் ஷெல்டன் வடிவமைத்த 'கலெக்ட்ராமேட்டிக்' கர்னலின் கடைகளுக்குள் நுழைந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடேற்றும் பகுதிக்குக் கீழே எண்ணெய் சூடு குறைந்து நிற்கும். உதிர்ந்த மாவுத்தூள் அங்கே இறங்கித் தங்கிவிடுவதால் கருகுவதில்லை, எண்ணெய் சீக்கிரம் கெடுவதில்லை. பொரித்த துண்டுகளைச் சூடும் ஈரமும் அளவாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் அலமாரியையும் அவரே வடிவமைத்தார். குளிரூட்டிய கடையில் லெக் பீஸ் மூன்று நிமிடத்தில் வருவதன் மீதி ரகசியம் அந்த அலமாரி. நீங்கள் கேட்பதற்கு முன்பே அது வெந்து காத்திருக்கிறது.

1952-ல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் பீட் ஹார்மன் என்ற உணவக முதலாளி கர்னலின் முதல் உரிமக் கடையைத் திறந்தார். 'கென்டக்கி ஃப்ரைடு சிக்கன்' என்ற பெயர்ப் பலகை முதலில் ஏறியது கென்டக்கியில் இல்லை, அங்கேதான். கார்பினில் கர்னலுக்குச் சோதனை நெடுஞ்சாலை வடிவில் வந்தது. புதிய விரைவுச்சாலை ஊரை விட்டு விலகிப் போகும் என்று தெரிந்ததும் கடை மதிப்பு சரிந்து, 1956-ல் விற்றுவிட்டார். பைபாஸ் வந்த பிறகு பழைய சாலையோர ஹோட்டல்கள் காற்றாடியது செங்கல்பட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. அறுபத்தைந்து வயதில் காரில் குக்கரையும் மசாலா மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக உரிமம் விற்கப் புறப்பட்டார். 1964-ல் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றபோது அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தக் கோழி பொரிந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் ஜான் ஒய். பிரவுன், ஜாக் மாஸி. சாண்டர்ஸ் 1980-ல் காலமாகும்வரை கம்பெனியின் முகமாக மட்டும் சுற்றிவந்தார், அவ்வப்போது அதன் குழம்பைத் திட்டிக்கொண்டு.

அவர் உண்மையில் விற்றது என்ன? கைப்பக்குவம் தேவைப்படாத ஒரு பக்குவம். எத்தனை துண்டு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் முப்பது வருட அனுபவசாலியும் ஒரே மாதிரி பொரிப்பார்கள். சங்கிலிக் கடைக்கு ஆதாரம் இதுதான். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தத் தொழில் வாசல் திறந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். தெற்கு லண்டனில் சிவப்பு வெள்ளைப் பலகையோடு தெருவுக்குத் தெரு தென்படும் 'மோர்லீஸ்' சங்கிலியை 1985-ல் சிடனம் பகுதியில் தொடங்கியவர் இலங்கையில் பிறந்த கண்ணலிங்கம் செல்வேந்திரன். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் கால் போகிற கடை அது. அவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தமிழர் தொடங்கிய கடை என்று தெரியுமோ.

இனி நம் பக்கம். மவுண்ட் ரோட்டில் ஏ.எம். புகாரி 1951-ல் தொடங்கிய ஹோட்டல், 1965-ல் சிக்கன் 65-ஐத் தன் மெனுவில் சேர்த்ததாகச் சொல்கிறது. பெயருக்கு ஆயிரம் கதை உண்டு, அதை விட்டுவிடுவோம். பொரிக்கும் முறையைப் பாருங்கள். கர்னல் மூடியைப் போட்ட இடத்தில் நம் சமையல்காரர் கத்தியைப் போட்டார். தொடையை இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கிவிட்டால் வர்க்கக் கணக்கு நம் கட்சிக்கு வந்துவிடுகிறது. நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது. இரும்பு வாணலியும் விறகோ கேஸோ போதும். பெரிய இயந்திரம் வேண்டாம், உரிமம் வேண்டாம், கம்பெனி வேண்டாம். அதனால்தான் 65 ஒரு சங்கிலிக் கடையாகாமல், திண்டிவனம் வரைக்கும் ஒவ்வொரு டாஸ்மாக் வாசலிலும் ஒரு வண்டியாக நிற்கிறது. சிறு துண்டானால் சதைக்கு ஏற்ற மேற்பரப்பு அதிகம், அதனால் மசாலாவும் காரமும் ஒட்டுகிற இடமும் அதிகம். தடித்த மாவுப் போர்வை தேவையில்லை. சோள மாவோ அரிசி மாவோ கொஞ்சம், தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள். தயிரின் புளிப்பு மேல்சதையைத் தளர்த்தும், உப்பு சதைநாருக்குள் இறங்கி அதைத் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பழக்கும். அரிசி மாவில் கோதுமையின் பசைப் புரதம் கிடையாது, ஆகவே மொறுமொறுப்பாக வரும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். பக்கோடா போடுகிற வீடுகளில் இதை யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பொத்தேரி வண்டியில் அந்த நாலு நிமிடமும் இரண்டாகச் சுருங்குவதற்கு இன்னொரு கைவேலை உண்டு. கூட்டம் வரும் முன்பே ஓர் ஈடு முக்கால் பதமாகப் பொரித்து அள்ளி வைத்துவிடுவார்கள். கேட்கும்போது மறுபடி எண்ணெயில் ஒரு முழுக்கு. நடுவே காத்திருக்கும் நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு நகர்ந்து வரும். இரண்டாம் முழுக்கில் அது சட்டென்று ஆவியாகி, தோல் முன்பைவிட மொறுமொறுப்பாகும். கொரியப் பொரித்த கோழியின் பேர்போன இரட்டைப் பொரிப்பும் இதேதான். ஆனால் இங்கே வெயிலை மறந்துவிடக் கூடாது. முக்கால் வெந்த கோழி செங்கல்பட்டு வெக்கையில் மணிக்கணக்காகத் திறந்து கிடந்தால் கிருமிகளுக்கு விருந்து. சீக்கிரம் விற்றுத் தீர்க்கிற வண்டியே நல்ல வண்டி.

மாமல்லபுரம் பக்கம் போனால் இந்தப் பிரச்சினையே கிடையாது. கடற்கரைக் கடைகளில் வஞ்சிரத் துண்டும் சங்கராவும் சிவப்பு மசாலா பூசித் தட்டில் படுத்திருக்கும். நீங்கள் கைகாட்டுவதைக் கல்லில் போட்டு, பேசி முடிப்பதற்குள் தருவார்கள். மீனின் தசைநார்கள் குட்டையானவை, மெல்லிய படலங்களால் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவை. அந்தப் படலங்களின் கொலாஜன் கோழிக்கும் ஆட்டுக்கும் ஆவதைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். வேகவைப்பது கஷ்டமில்லை, உடையாமல் புரட்டுவதுதான் கஷ்டம். கடலோரத்துக்கு கர்னலும் வேண்டாம், குக்கரும் வேண்டாம்.

மூடியும் கத்தியும் பாதிக் கதைதான். மீதிப் பாதி கோழிக்குள் இருக்கிறது. வருடக்கணக்காக மேய்ந்து திரிந்த நாட்டுக்கோழியை எவ்வளவு சின்னதாக நறுக்கிப் பொரித்தாலும் ரப்பர்தான். வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். அதைக் கரைக்கப் பொரிப்பு போதாது, குழம்பில் கிடந்து வேக வேண்டும். நம் ஊர்ப் பாட்டிகள் வறுவலுக்கு வெடக்கோழியும் குழம்புக்கு முத்தின கோழியுமாகப் பார்த்துப் பார்த்து வாங்கியது இதனால்தான். உலகம் பூராவும் எல்லாக் கோழியையும் வெடக்கோழியாகவே விற்க முடிந்தால்? பிராய்லர் என்பது அதுதான். 1948-ல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் தேசியப் போட்டி நடந்தது. மார்பும் தொடையும் பருத்த கோழி வேண்டும் என்பது நிபந்தனை. கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ், கார்னிஷ் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் கலந்து உருவாக்கிய ரகம் வென்றது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் பழைய ரகம் சுமார் 900 கிராம், புதிய ரகம் 4.2 கிலோ.

இந்தக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஓய்வதே இல்லை. கொட்டகையில் ஆயிரக்கணக்கில் நிற்கும் குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாகத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆல்பர்ட்டா கணக்கு காட்டுவது முழுக்க இனப்பெருக்கத் தேர்வின் வேலை. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி. மனிதர்களுக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துவந்தார்கள், 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இன்னொரு சந்தேகம், பொரித்த லெக் பீஸில் எலும்போரம் தெரியும் கருஞ்சிவப்பு. ஆறே வாரக் கோழியின் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது, உறையவைத்து எடுக்கும்போது மஜ்ஜையின் நிறம் சுற்றுச்சதையில் கசியும். நன்றாக வெந்த துண்டிலும் அது இருக்கும். வெந்ததா இல்லையா என்பதைச் சூட்டை அளந்துதான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டில் இந்தக் கோழிக்குத் தலைநகரம் பல்லடம். தினசரிப் பண்ணை விலையை அங்குள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும். குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனி தரும், கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. உடுமலைப்பேட்டையில் எண்பதுகளில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பரப்பிய ஏற்பாடு இது. பொத்தேரிக்குப் பக்கத்திலேயே, காட்டாங்கொளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் புறக்கடை வளர்ப்புக்கு உருவாக்கிய நந்தனம் கோழிகள், பிராய்லர் அளவுக்கு ஓடாவிட்டாலும் வீட்டுக் கொல்லையில் பிழைக்கத் தெரிந்தவை. இடையில் ஒரு சுவாரசியம். பல வணிக ரகங்களின் தோல் மஞ்சள். கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிக்கு அந்த மரபணு கிடையாது. அது தென்னிந்திய மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, கர்னலின் வாளியில் நம் காட்டின் பங்கும் கொஞ்சம் உண்டு.

கே.எஃப்.சி. இந்தியாவுக்குள் நுழைந்தது 1995 ஜூனில், பெங்களூரு பிரிகேட் ரோட்டில். வரவேற்பு சுமுகமாக இல்லை. எம்.டி. நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கம் எதிர்த்துப் போராடியது, மசாலாவில் அஜினோமோட்டோ அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்தது, நீதிமன்றம் மறுபடி திறக்கவிட்டது, 1996 ஜனவரியில் கடை தாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கே.எஃப்.சி. பரவும் முன்பே சென்னைக்காரர்களுக்கு இந்த வகைக் கோழியை அறிமுகம் செய்தது மேரிபிரவுன். 1981-ல் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தம்பதி தொடங்கிய சங்கிலி அது. முட்டுக்காட்டில் டிஸ்ஸி வேர்ல்ட் நடத்தும் எம்ஜிஎம் குழுமம்தான் அதை இங்கே கொண்டுவந்தது. ராட்டினம் சுற்றிவிட்டு இறங்கிய பிள்ளைகளும் மாவுத்தோல் கோழியும் ஈசிஆரில் ஒரே வீட்டுச் சரக்கு.

அந்த ஈசிஆரிலேயே கேட்கும் ஒரு புகார்: "கடல்காத்துல சிக்கன் நமுத்துப் போயிடுது." பொரித்த தோல் கண்ணாடி போன்ற நிலையில் இருக்கும் மாவுச்சத்து. ஈரம் சில விழுக்காடு ஏறினாலே அது அப்பளம் நமுப்பதுபோல் இளகிவிடும். உப்புக்காற்றுக்கு அதில் பங்கு உண்டுதான், பெரிய குற்றவாளி டப்பா மூடி. எழுபது எண்பது டிகிரியில் இருக்கும் சதை தன் ஆவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மூடிவிட்டால் அந்த ஆவி மூடியின் உட்புறம் துளியாகிச் சொட்டித் தோலுக்கே திரும்புகிறது. சங்கிலிக் கடை டப்பாக்களில் ஓட்டை போட்டிருப்பது அதற்காக. மாமல்லபுரத்து மணலில் மூடியைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறவருக்கு, மூடிய டப்பாவில் ஸ்விக்கியில் வரவழைப்பவரைவிட மொறுமொறுப்பு மிஞ்சும். காற்றில் வரும் மணலுக்கு நான் பொறுப்பில்லை.

கடைசியாக எண்ணெய். புது எண்ணெயில் முதல் ஈடு சரியாக வராது, நிறம் வெளுத்திருக்கும். ஓரிரு ஈடு பொரித்த பிறகு எண்ணெயில் கொஞ்சம் சோப்புத்தன்மையுள்ள பொருட்கள் சேரும். அவை எண்ணெயை ஈரமான துண்டோடு நெருங்கித் தொடவைக்கும், அப்போதுதான் பொன்னிறம் வரும். அதே பொருட்கள் எல்லை மீறினால் எண்ணெய் துண்டுக்குள் அதிகம் இறங்கும், சீக்கிரம் புகையும், கையில் பிசுபிசுக்கும். இப்படிச் சிதைந்த சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டமும் வந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் அதற்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். தள்ளுவண்டி அந்த 50 லிட்டர் கணக்குக்குள் வராது. அங்கே நிற்கிறவர் நுரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய குமிழாக எழுந்து உடனே உடைந்தால் அது தண்ணீர் ஆவி, தாராளமாக நூறு கிராம் கேட்கலாம். பொடிப்பொடியாகப் பொங்கி அடங்காமல் வாணலி விளிம்பு வரை ஏறி நின்றால், அடுத்த வண்டிக்கு நடையைக் கட்டலாம்.